கொம்பும் காலும்

கணினி அறையிலே ஒரு தமிழ்ப் பண்டிதனுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியை முதலிற் கேட்டவர் எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆயினும், அந்த வேடிக்கையிலும் ஒரு நியாயம் இருந்தது. வெண்கட்டியையும் கரும்பலகையையும் நம்பிக் காலங்கழித்தவன் நான். கைத்தொலைபேசியிலே நாலு வரி எழுதுவதற்கு எனக்கு ஒரு நாழிகை வேண்டும். அத்தகைய ஒருவன் சனிக்கிழமைதோறும் கணினி அறைக்குள்ளே போய் உட்கார்ந்தால், கண்டவர் கேளாது விடுவரா?

நடந்தது இதுதான். எங்கள் பாடசாலையிலே தரம் 12 மாணவர் 14 பேருக்குக் கணினி வரைகலை வடிவமைப்புக் கற்பிக்கப்படுகின்றது. சுவரொட்டி, அழைப்பிதழ், நூல் அட்டை, துண்டுப்பிரசுரம் முதலியவற்றைக் கணினியிலே ஆக்கும் கலை அது. கற்பிப்பவர் ஓர் இளம் ஆசிரியை. ஒருகாலத்தில் என்னிடம் நன்னூல் படித்தவர். ஒருநாள் ஒரு கட்டுக் கடதாசியோடு ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"ஐயா, பிள்ளையளுக்குக் கருவியெல்லாம் தெரியும். என்னைவிடக் கெதியாச் செய்யினம். ஆனால், செய்து தாறதை வாசிக்க ஏலாமல் கிடக்கு. என்ன பிழை எண்டு எனக்கு விளங்குது, சொல்லத்தான் தெரியேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"நான் வந்து என்ன பிள்ளை சொல்லப் போறன்? எனக்குச் சுட்டெழுத்துத் தெரியும். சுட்டியைப் பிடிக்கத் தெரியாது."

"சுட்டியை நாங்கள் பிடிக்கிறம் ஐயா. நீங்கள் வாசிச்சாற் காணும்."

வாசித்தாற் போதும் என்ற அந்தச் சொல்லிலேயே கற்பிக்க வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இக்கலையின் முதலாண்டிலே பிள்ளைகள் கருவிகளைக் கற்கின்றனர். வடிவம் வரைதல், படத்தை வெட்டி ஒட்டுதல், அடுக்கின்மேல் அடுக்கு வைத்தல், நிறந் தீட்டுதல், எழுத்துக்கு நிழல் கொடுத்தல் ஆகிய இவற்றிலே நம் பிள்ளைகள் சமர்த்தர். பெருந்தொகை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. இன்க்ஸ்கேப், கிம்ப் என்பன போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. கற்றுத் தேர்ந்த இறுதி நிலையிலே ஒருவன் தனக்கென ஒரு நடையைக் காண்கின்றான். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது இடைநிலை. இலக்கணத்திலே பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நின்று காலங்காட்டுவது இடைநிலை. அது சரியாக அமையாவிடின் வினை எப்போது நிகழ்ந்தது என்பது தெரியாது. வடிவமைப்பின் இடைநிலை காட்ட வேண்டியது, இந்த வேலை யாருக்காக என்பதை. கருவி கற்ற பிள்ளைக்கு இன்னும் பத்துக் கருவிகளைக் காட்டிக் கொடுப்பது எளிது. எதிரே ஒரு வாசகர் இருக்கிறார் என்ற நினைவை உண்டாக்குவதுதான் அரிது.

முதற் சனிக்கிழமை 14 சுவரொட்டிகளையும் விறாந்தைச் சுவரிலே வரிசையாக ஒட்டுவித்தோம். எல்லாம் பாடசாலைக் கலைவிழாவுக்காக ஆக்கப்பட்டவை. விளையாடிக்கொண்டிருந்த தரம் 7 பிள்ளைகள் சிலரை அழைத்துப் பத்தடி தூரத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு சுவரொட்டியையும் ஐந்து எண்ணும்வரை பார்க்கச் செய்து, பின்னர்த் திரும்பி நிற்கவைத்து மூன்று கேள்விகள் கேட்டேன். என்ன விழா? எப்போது? எங்கே? மூன்றுக்கும் விடை சொல்லக் கூடியதாயிருந்தவை மூன்றே சுவரொட்டிகள். மற்றவற்றிலே குத்துவிளக்கு இருந்தது, வீணை இருந்தது, மயில் இருந்தது, தீப்பொறி பறக்கும் எழுத்து இருந்தது. விழா எந்த நாள் என்பது மயிலின் தோகைக்குள்ளே மறைந்திருந்தது.

மாணவர்களின் முகம் வாடிவிட்டது. நான் கடிந்து கூறவில்லை. நன்னூலிலே நூலுக்குக் கூறிய பத்துக் குற்றங்களை நினைவூட்டினேன். நூலுக்குச் சொன்னது சுவரொட்டிக்குப் பொருந்துமா என்று பார்ப்போம் என்றேன். ஒரு சுவரொட்டியிலே விழாவின் பெயர் மூன்று இடங்களில் வந்திருந்தது. "கூறியது கூறல்" என்றான் ஒருவன். ஏழு வகை எழுத்துருக்கள் ஒரே தாளிலே போட்டியிட்டன. "மிகைபடக் கூறல்" என்றாள் ஒருத்தி. மஞ்சட் பின்னணியிலே வெள்ளை எழுத்து. "மயங்கவைத்தல்." கலைவிழாவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கடற்கரைக் காட்சி. "மற்றொன்று விரித்தல்." அரைமணி நேரத்திற்குள்ளே தங்கள் குற்றங்களைத் தாங்களே பெயர் சொல்லி அழைக்கக் கற்றுவிட்டனர். இளம் ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு விளங்கியும் சொல்ல வராதிருந்தவை இவையே. பிழைக்குப் பெயர் கிடைத்தால் திருத்தம் பாதி கிடைத்தது போலாகும்.

அடுத்த கிழமை பொருள்கோளை எடுத்தோம். செய்யுளிலே சொற்களை எந்த முறையிற் கொண்டு பொருள் கொள்வது என்பதற்கு எட்டு வகை சொல்லியிருக்கின்றனர். ஆற்றுநீர் போலச் சொற்கள் நேரே ஓடிப் பொருள் தருவது ஒன்று. அங்குமிங்கும் கிடக்கும் சொற்களைத் தேடி எடுத்துக் கூட்டிக்கொள்வது இன்னொன்று. அதனைக் கொண்டுகூட்டு என்பர். புலவன் செய்தாற் கொண்டுகூட்டும் அழகாகலாம். சைக்கிளிற் போகின்றவன் வாசிக்கும் சுவரொட்டிக்கு அது ஆகாது. நாள் மேல் மூலையில், நேரம் கீழ் மூலையில், இடம் படத்தின் நடுவில் என்று கிடந்தால், அவன் அவற்றைக் கூட்டிப் பொருள் கொள்ளுமுன் சந்தி கடந்துவிடுவான். நிகழ்ச்சிகளை ஒரு நிரலாகவும் நேரங்களை மற்றொரு நிரலாகவும் நிறுத்தினால், அது நிரனிறை. இரண்டு நிரல்களும் ஒரே கோட்டிலே நேர்படாவிடின் நாடகத்தின் நேரத்திற்கு வந்தவர் நடனத்தைக் காண்பார்.

ஆகவே, தாளிலே முதலிற் கண்ணுக்குத் தெரியாத கோடுகளை வரைந்துகொள்ளச் சொன்னோம். நெடுக மூன்று அல்லது நான்கு பத்திகள். ஓரங்களிலே போதிய வெளி. எழுத்தும் படமும் அக்கோடுகளைத் தழுவியே நிற்கவேண்டும். எழுத்தின் அளவு மூன்றுக்கு மேற்படக்கூடாது. மிகப் பெரியது, முதலில் அறிய வேண்டியது. நடுத்தரமானது, அடுத்து அறிய வேண்டியது. சிறியது, விரும்பினவர் கிட்ட வந்து வாசிப்பது. தலைப்பு நீளமாயின் எங்கே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது என்பதும் ஒரு பாடமாயிற்று. சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை யாப்பிலே வகையுளி என்போம். வரியின் நீளத்துக்காகத் தலைப்பைப் பொருளற்ற இடத்திலே பிளப்பதும் அத்தகையதே.

பிறகு ஒரு கடுமையான பயிற்சி. அதே சுவரொட்டியை மீண்டும் செய்ய வேண்டும். ஓர் எழுத்துரு, மூன்று அளவு, கறுப்பு நிறம் மாத்திரம். படம் கிடையாது. முதலில் முணுமுணுத்தனர். நகையெல்லாவற்றையும் கழற்றிவிட்டு மணவறைக்குப் போகச் சொன்னது போலிருக்கிறது என்றாள் ஒருத்தி. ஆனால், அந்தக் கறுப்புத் தாள்களைச் சுவரில் ஒட்டித் தரம் 7 பிள்ளைகளை மறுபடி அழைத்தபோது, 14இல் 11 தேறின. அதன் பின்னரே ஒரு நிறமும் ஒரு படமும் சேர்க்க அனுமதி கொடுத்தோம். சேர்த்த ஒவ்வொன்றுக்கும் ஏன் சேர்த்தேன் என்று ஒரு வரி தமிழில் எழுதித் தரவேண்டும். காரணம் எழுத வராத அலங்காரங்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டன.

அச்சுக்குப் போகும் வேலையிலே வேறு சில கணக்குகளும் உண்டு. இவற்றை இளம் ஆசிரியை கற்பிக்க, நானும் ஒரு மாணவனாக இருந்து கேட்டேன். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறங் காட்டுகின்றது. அச்சியந்திரமோ வெளிர்நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளைக் கலக்கின்றது. ஆகையால், திரையிலே பளீரென்று தோன்றும் பச்சையும் நீலமும் தாளிலே மங்கிவிடும். படம் அச்சிலே தெளிவாயிருக்க வேண்டுமாயின் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொது விதி. வாட்ஸ்அப்பிலே வந்த படம் 600 புள்ளி அகலம் உடையதாயின், அது இரண்டங்குல அகலத்துக்கே போதும். அதனைத் தாள் முழுவதும் இழுத்தால் முகம் கலங்கிய நீரிலே தெரிவது போலத் தெரியும். எழுத்தையும் இலச்சினையையும் வெக்டர் முறையிலே, அதாவது புள்ளியாகவன்றிக் கோட்டுக் கணக்காக வைத்துக்கொண்டால், எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு சிதையாது.

இவையெல்லாம் எம்மொழியார்க்கும் பொது. தமிழ் எழுத்துக்கென்று தனியே சில உண்டு. அவ்விடத்திலேதான் பண்டிதனுக்கும் வேலை வந்தது.

இக்கலையை விளக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை முன்வைத்து ஆக்கப்பட்டவை. ஆங்கில எழுத்துக்கள் ஒன்றையொன்று தொடாமல் வரிசையில் நிற்பவை. தலைப்பிலே எழுத்துக்களை அகல விட்டு நிறுத்துவது அவர்களுக்கு ஓர் அழகு. தமிழிலோ, 'கொ' என்பதற்கு முன்னே கொம்பும் பின்னே காலும் நிற்கும். மூன்று உறுப்பாகத் தோன்றினும் அஃது ஓரெழுத்து. சில மென்பொருள்களில் இடைவெளியை விரித்தவுடன் கொம்பு ஒருபுறமும் ககரம் ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கின்றன. வேறு சிலவற்றில் இந்திய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பைத் தெரிந்து கொடாவிட்டால், கொம்பு மெய்க்குப் பின்னே போய் நிற்கும். மாணவர்கள் அதைக் கவனியாமல் அச்சுக்கு அனுப்பிவிடுகின்றனர்.

வரி இடைவெளியும் அவ்வாறே. 'மீ', 'கீ' என்பவற்றின் விசிறி மேலே எழும். 'கு', 'நூ', 'ஞு' என்பவற்றின் சுழிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் பொருந்திய நெருக்கத்திலே தமிழை வைத்தால், மேல்வரியின் சுழி கீழ்வரியின் விசிறியோடு மோதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியிலே இரு ஓரமும் நேராக வரவேண்டுமென்று வற்புறுத்தினால், சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழும். இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் ஒழுங்கின்றியும் விடுவதே அத்தகைய இடத்திலே நன்று. இடம் போதாதென்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குவதும் இடம் மிஞ்சியதென்று இழுப்பதும் எழுத்தின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும்.

மும்மொழி அறிவித்தல் செய்யும் பயிற்சியில் இன்னொன்று தெரிந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகையால், இம்மாணவர் நாளை எந்த அலுவலகத்துக்கு வேலை செய்தாலும் மூன்று மொழிகளையும் ஒரு பலகையிலே வைக்க நேரும். எங்கள் மாணவர் எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். ஆயினும், முதலில் ஆங்கில வரியை அமைத்து, அதன் நீளத்துக்குத் தமிழைக் குறுக்கினர். அதனால் தமிழ் வரி மற்றையவற்றின் காலடியிலே நிற்பது போலச் சிறுத்துவிட்டது. எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. தொடங்கிய இடம் பிழை. நீளமான வரியை முதலில் அமையுங்கள், மற்றவற்றை அதனோடு பொருத்துங்கள் என்றேன். அவ்வாறு செய்தபோது மூன்று மொழிகளும் ஒரே திண்ணையிலே சமமாக உட்கார்ந்தன.

நிற்க. பண்டிதனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு வருவோம்.

தமிழ் எழுத்தின் உருவம் கருவியோடு கருவியாக மாறி வந்தது. ஏட்டிலே எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியின்றியே எழுதினர். படிப்பவர் இடம் நோக்கி மெய்யென்றும் உயிர்மெய்யென்றும் உணர்ந்துகொண்டனர். 1578ஆம் ஆண்டு கொல்லத்திலே தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் அச்சாயிற்று. 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கொம்பின் சுழியால் வேறுபடுத்திக் காட்டினார். ஆறுமுக நாவலர் 1849இலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார். அவர் பதிப்பின் செம்மையை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறுகின்றோம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார். 1978இலே தமிழ்நாட்டரசு 13 எழுத்துக்களின் வடிவை மாற்றி ஆணை செய்தது. 1991இலே வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலே தமிழுக்கும் இடம் கிடைத்தது.

இவ்வரலாற்றை நோக்கினால், எழுத்துக்குப் புதிய கருவி வந்த காலங்களிலே கற்றோர் அதன் அருகே சென்று நின்றமை புலப்படும். நாவலர் அச்சுக்கோப்பவர் வேலை எனக்கேன் என்று இருந்துவிடவில்லை. ஆகவே, கணினி அறைக்குப் போவதிலே எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. சற்றுப் பெருமைகூட இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெருமை ஒரு பிற்பகலிலே அடங்கியது.

அவ்வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மம்மா காலமானார். எங்கள் பகுதியிலே 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சிட்டு வழங்குவது வழக்கம். அதனைக் கல்வெட்டு என்றும் சொல்வர். திதி வெண்பாவும் சில பாடல்களும் என்னை எழுதித் தரும்படி கேட்டனர். அம்மையாரை எனக்கும் தெரியும். மனமுவந்து எழுதினேன். கைத்தொலைபேசியிலே நானே எழுத்தெழுத்தாகப் பதிந்து அனுப்பினேன். மலரை வடிவமைக்கும் பொறுப்பை வீட்டார் அப்பிள்ளையிடமே விட்டனர்.

அவள் செய்த வேலையைப் பார்த்தபோது அந்த ஆண்டின் பாடங்கள் எல்லாம் வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அவள் ஏற்கவில்லை. சுவரிலிருந்த பழைய நிழற்படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, அச்சுக்குரிய அளவிலே வருடி எடுத்திருந்தாள். மலரை வாசிக்கப் போகிறவர்கள் அம்மம்மாவின் வயதொத்தவர்கள் என்று பாடல்களைப் பெரிய எழுத்திலே, வரிக்கு வரி வெளி விட்டு அமைத்திருந்தாள். அட்டையிலே பூவும் இல்லை, தீபமும் இல்லை. ஒரு முகம், அதன்கீழே ஒரு பெயர். பெயரின் எழுத்துக்களைச் சிறிது அகல விட்டிருந்தாள். அது அழகாகவே இருந்தது, முதலெழுத்தைத் தவிர.

அம்மையாரின் பெயர் 'கௌ' என்னும் எழுத்திலே தொடங்குவது. அட்டையிலே அந்த எழுத்து இரண்டாகப் பிரிந்து நின்றது.

அன்று மாலை கோப்பு அச்சகத்துக்குப் போகவேண்டும். பிள்ளை கணினி அறையிலே தனியே இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"ஐயா, நாங்கள் பாவிக்கிற மென்பொருள் எழுத்துக்களைப் பிரிக்காது. மற்ற எழுத்தெல்லாம் சரியா நிக்குது. கௌ மட்டும் ஏன் இப்பிடி?"

"இயந்திரத்துக்கு ஔகாரம் தெரியாதாக்கும் பிள்ளை" என்றேன். எழுத்துப் பற்றிப் பேசும்போது எனக்கு இயல்பாக வரும் உறுதியோடுதான் சொன்னேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. பெயரின் தொடக்கத்திலே குறியை வைத்து, அம்புக்குறிச் சாவியை ஒருமுறை அழுத்தினாள். குறி அந்த எழுத்தின் நடுவே போய் நின்றது. ஓரெழுத்தாயின் நடுவே நிற்பதற்கு இடம் ஏது?

"ஐயா," என்று மெல்லச் சொன்னாள், "இது கௌ இல்லை. கெ, பிறகு ள. உங்கடை பாட்டிலை இருந்துதான் பெயரை எடுத்தனான்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரம் போலத் தோன்றினும் ளகரம் ஆகாது என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்தவன் நான். கைத்தொலைபேசியிலே கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்ததும் கொம்பைப் போட்டு, ளகரத்தைப் போட்டு, திருப்தியோடு அனுப்பியிருக்கிறேன். அச்சுப் படியை இரண்டுமுறை வாசித்துப் பிழையில்லை என்று ஒப்பமும் இட்டிருந்தேன். கண்ணால் வாசிப்பவனுக்கு அங்கே பிழை தெரியாது. எழுத்தை அகலப் பிரித்துப் பார்த்தவளுக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவள் சரியான எழுத்தைக் கொண்டு பெயரைத் தேடும்படி கணினிக்குச் சொன்னாள். அப்படி ஒரு பெயர் மலரிலே இல்லை என்று விடை வந்தது. பிழையான முறையிலே தேடினாள். 11 இடங்கள். ஒருவருடைய நினைவுக்காக ஆக்கிய நூலிலே அவருடைய பெயர் ஓரிடத்திலேனும் இல்லை. அதற்குக் காரணம் நான்.

தாளிலே அச்சிட்டால் யாருக்குத் தெரியப் போகின்றது என்று வாசகர் எண்ணலாம். நானும் ஒரு கணம் அவ்வாறு எண்ணினேன். ஆனால், இக்காலத்து மலர் தாளோடு நின்றுவிடுவதில்லை. அந்தக் கோப்பு அன்றிரவே கடல் கடந்த உறவினர்க்குப் போகும். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் இணைய நூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் தேடிச் சேர்க்கின்றது. இருபது ஆண்டு கழித்து ஏதோ ஒரு தூர தேசத்திலிருந்து ஒரு பேரப்பிள்ளை அக்கோப்பைத் திறந்து பெயரைத் தேடினால், இயந்திரம் என்ன விடை சொல்லும்? அப்படி ஒருவர் இருந்ததில்லை என்றல்லவா சொல்லும்?

பிள்ளை 11 இடங்களையும் ஒரே கட்டளையாலே திருத்தினாள். அட்டைக்குத் திரும்பினாள். கொம்பும் ககரமும் சிறகும் ஒன்றாக வந்து கூடின. எழுத்துக்களை முன்போலவே அகல விட்டாள், இம்முறை பிரியவில்லை. அச்சகத்திலே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் உருக்கெடாதபடி அட்டை எழுத்தை வரைவுருவாக மாற்றினாள். உட்பக்கங்களை எழுத்தாகவே விட்டு, எழுத்துருவைக் கோப்பினுள்ளே பதித்தாள். தேடக் கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவள் சொன்ன காரணம். நான் ஒரு வரி எழுதித் தரக் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

31ஆம் நாள் மதியம் பந்தலின் கீழே மலர் வழங்கினார்கள். என்னருகே இருந்த மூதாட்டி, காலமானவரின் தமக்கையார், மூக்குக்கண்ணாடியை வீட்டிலே விட்டு வந்திருந்தார். மலரைக் கையெட்டும் தூரத்திலே பிடித்தார். பெயரை எழுத்துக்கூட்டாமல் வாய்விட்டு வாசித்தார். பின்னர் அதனை மடியிலே வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

வடிவமைப்புக் கற்கும் பிள்ளைக்கு இதற்குமேல் ஒரு பரீட்சை இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவளுடைய வேலையை அந்த மூதாட்டி கவனிக்கவேயில்லை. எழுத்தின் அளவையோ, ஓரத்தின் வெளியையோ, கோட்டின் ஒழுங்கையோ அவர் காணவில்லை. தங்கையின் பெயரை மாத்திரம் கண்டார்.

தமிழ் கற்பிக்கும் அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலையிலும் ஒரு கணினி அறை இருக்கும். அங்கே பிள்ளைகள் நம் எழுத்தை நாள்தோறும் நீட்டியும் குறுக்கியும் பிரித்தும் கூட்டியும் வேலை செய்கின்றனர். அவர்களைக் குறை கூறிக்கொண்டு வெளியே நிற்க வேண்டாம். சனிக்கிழமையிலே ஒரு மணி நேரம் உள்ளே போய் உட்காருங்கள். சுட்டியைப் பிடிக்கத் தெரியவேண்டும் என்பதில்லை. அவர்கள் ஆக்கியதை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் ஆக்கியதை அவர்கள் வாசிக்கவும் இடங்கொடுங்கள்.

கணித ஆசிரியர் இப்பொழுதும் என்னைக் கண்டால் அந்தக் கேள்வியைக் கேட்கின்றார். படிக்கப் போகின்றேன் என்று சொல்லிவிட்டு நடக்கின்றேன்.